தினாருக்கு இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை

நேற்றுக் காலை நம் கால்நடை மருத்துவர்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நாட்டு நாய். வயிறு முழுக்கச் சீழ்க் கொப்புளங்கள், தொடையில் வட்டவட்டமாக முடி கொட்டிய திட்டுகள். கீழே ஒரே வரி: "எந்த ஊசி மேடம்?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ஆறு பேர் ஆறு மருந்தின் பெயரை எழுதிவிட்டார்கள். ஏழாவது ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாய்க்கு என்ன வயது, எங்கே படுக்கிறது, இதற்கு முன் என்ன கொடுத்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தின் சூட்டில் குழுவில் எதையும் எழுதுவதில்லை என்று ஓய்வு பெற்ற அன்றே முடிவெடுத்தவள் நான். அதை எத்தனை முறை மீறியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். இந்த முறை மீறவில்லை. காரணம், அந்த ஆறு மருந்துகளில் மூன்றை நானே ஒரே நாய்க்கு வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களைத் திட்ட எனக்கு வாய் கிடையாது. அதனால் அந்த நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கீரமங்கலத்துப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். வீடு திருக்கோகர்ணத்தில். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. கீரமங்கலம் வட்டாரத்தில் பூ விவசாயம் அதிகம். விடிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மருந்தகத்துக்கு வருகிற பெண்கள் அதற்குள் ஒரு நாள் வேலையை முடித்திருப்பார்கள். அப்படி வந்தவர்தான் வளர்மதி.

முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் முத்துக்குமார் குவைத்தில் ஏசி மெக்கானிக். வளர்மதியும் ஐந்து வயது மகளும் மட்டும் வீட்டில். முக்கால் ஏக்கர் முல்லைத் தோட்டம், அதற்குள்ளேயே ஓட்டு வீடு, பக்கத்தில் பாதி எழும்பிய புது வீடு. ஒரு விடுமுறையில் வந்திருந்த முத்துக்குமார் ரோட்டோரம் கிடந்த செவலைக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது, "ஒனக்குன்னு ஒரு தினாரை விட்டுட்டுப் போறேன்" என்று மனைவியிடம் கேலியாகச் சொன்னாராம். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

தினார் கொஞ்சுவதற்கு வளர்த்த நாய் இல்லை. விடிகாலை இருட்டில் வளர்மதி நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போகும்போது, அது முன்னால் போகும். செடி வரிசைக்குள் பாம்பு இருந்தால் நின்றுவிடும். குரைக்காது, விறைத்து நிற்கும். அது நின்றால் வளர்மதியும் நிற்பார். "அது முன்னாடி போகலன்னா நான் தோட்டத்துக்குள்ள எறங்க மாட்டேங்க" என்று முதல் நாளே சொன்னார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாய் இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குப் பூ இல்லை.

முதல் முறை வந்தபோது அதன் அடிவயிறும் உள்தொடையும் கொப்புளமாக இருந்தன. சொறிப்பூச்சி இருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்தேன், இல்லை. தெள்ளுப்பூச்சி இருந்தது, அதற்கு மருந்து போட்டேன். கிருமித் தொற்றுக்கு செபலெக்சின் மாத்திரை, இருபத்தொரு நாள், இரண்டு வேளை. சீட்டின் கடைசியில் ஒரு வரி: "ஐந்தாம் நாள் முதல் மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டவும், வாரம் இருமுறை." அதற்குள் ரணம் காய்ந்துவிடும், பிறகு குளித்தால் எரியாது என்ற எண்ணம். இந்த வரியை அந்த மருந்தகத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கையெழுத்துப் போடுகிற மாதிரி தானாக வரும்.

ஒரு மாதம் கழித்து வந்தார். குணமாகி, பிறகு முன்பைவிடக் கூடுதலாகி வந்துவிட்டது என்றார். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "குடுத்தேங்க" என்றார். குளிப்பாட்டினீர்களா என்று கேட்டேன். "நீங்க சொன்னபடியே அஞ்சாம் நாளு ஊத்துனேங்க" என்றார். என் உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு சொன்னபடி கேட்கிற ஆளுக்கே நோய் திரும்புகிறது என்றால் மருந்துதான் போதவில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த படி மருந்து எழுதினேன். கீழே அதே ஐந்தாம் நாள் வரி.

இன்னொரு மாதம், இன்னொரு மருந்து. அதற்கடுத்த மாதமும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். கண்ணாடித்தகட்டில் ஒற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கக்கூட இல்லை. முப்பது வருட அனுபவத்துக்கு மைக்ராஸ்கோப் எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன.

நான்காம் முறை வந்தபோது தினாருக்குக் கழுத்து வரை ஏறியிருந்தது. நாற்றம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. வளர்மதி நாயை மேசையில் ஏற்றிவிட்டு, செல்போனை என் முன்னால் நீட்டினார். வீடியோவில் முத்துக்குமார். வணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். புது வீட்டு வேலை முடியப்போகிறது, வைகாசி மாதம் குடிபோகிறார்கள், அதற்கு லீவு கிடைத்திருக்கிறது, ஒன்றரை மாதத்தில் வருகிறார். வீட்டில் பொம்பளைப் பிள்ளை இருக்கிறது, அது நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது, தொற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. கடைசியில் சொன்னதுதான் என்னைத் தைத்தது.

"நான் வாரதுக்குள்ள சரியாகலன்னா நீங்களே ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்க டாக்டர். அதுவும் கஷ்டப்படுது, இவளும் கஷ்டப்படுறா."

வளர்மதி நாயின் காதைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொப்புளத்தில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எப்போதோ செய்திருக்க வேண்டியதை, நாயின் உயிருக்குக் கெடு வைத்த பிறகு செய்தேன். முடிவு சில நாளில் வந்தது. நான் கொடுத்தது, கொடுக்காதது, கொடுக்கலாம் என்று நினைத்தது எல்லாவற்றுக்கும் நேரே அந்தக் கிருமி அசையாது என்று எழுதியிருந்தது. மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய ஊசி. இன்னொன்று, மனிதர்களுக்கே வேறு வழி இல்லாதபோது மட்டும் ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசிமருந்து.

எனக்கு அந்த இரண்டாவதன் பக்கம் கை போனது. ஒளிக்க விரும்பவில்லை. சீட்டில் பாதிப் பெயரை எழுதியும் விட்டேன். ஒரு நாய்தானே, ஒரே ஒரு முறைதானே என்று தோன்றியது. தப்பான முடிவெல்லாம் எனக்கு இந்த "ஒரே ஒரு முறை"யில்தான் தொடங்கியிருக்கிறது. அளவு சரிபார்க்க ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அங்கிருந்த ஒரு பெண் அலுவலர், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். மேடம் மேடம் என்று மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அளவு சொல்லவில்லை.

"அடுத்த மருந்து எதுன்னு அப்பறம் பாப்போம் மேடம். முன்னாடி நீங்க எழுதுன மாத்திரையெல்லாம் நாய் வயித்துக்குள்ள போச்சான்னு மொதல்ல தெரிஞ்சுக்குங்க" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. போகாமல் எங்கே போகும், கேட்டேன், கொடுத்தேன் என்றார்களே என்று சொன்னேன். "கேட்டீங்க மேடம். பாத்தீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வளர்மதியின் தோட்டத்துக்குப் போனேன்.

வளர்மதி வாசலில் உட்கார்ந்து, விற்காமல் மீந்த பூவைச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "வாங்க டாக்டரம்மா, இங்கிட்டு நெழல்ல வாங்க" என்று நாற்காலியைத் தூக்கி வந்தார். தினார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அது படுத்திருந்த இடம் சாக்குக் குவியல். பூ வாடாமல் இருக்க நனைத்துப் போட்டு மூடுகிற சாக்குகள், எந்நேரமும் ஈரம். வெயிலுக்கு நாய்க்கு அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது. ஒரு சாக்கை உதறினேன். தெள்ளுப்பூச்சி என் கை மேலேயே குதித்தது. நாய்க்கு மருந்து போட்டேன், அதன் படுக்கைக்குப் போடவில்லை. இது என் முதல் பாடம். சின்னப் பாடம்தான், பெரியது வீட்டுக்குள் இருந்தது.

மாத்திரை அட்டைகள் இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திறந்தேன். முதல் மருந்தின் அட்டைகள், இரண்டாவதன் அட்டைகள், மூன்றாவதன் அட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொரு கட்டிலும் முதல் அட்டையின் குழிகள் மட்டும் உடைந்திருந்தன. மிச்சம் அப்படியே இருந்தது. ஷாம்பு பாட்டிலும் இருந்தது, மூடியின் சீல் உடையாமல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேறு யாராவது நாய்க்கு ஆகும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். என் கேள்விதான் அவருக்குப் புரியவில்லை.

"அதான் அஞ்சாம் நாளு தண்ணி ஊத்தியாச்சே டாக்டரம்மா. வேப்பெல, மஞ்சள் எல்லாம் போட்டுத்தான் ஊத்துனேன். ஊத்துனதுக்கப்பறம் மருந்து குடுக்கலாமா? போனத நம்மளே திரும்பக் கூப்புட்ட மாதிரி ஆயிராதா?"

தூக்குவாளியை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தேன்.

உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மை கண்டால் இறங்கும் வரை குளிக்கக் கூடாது. இறங்கிய பிறகு நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர்தான் நோய் முடிந்தது என்பதற்கு அடையாளம். அதன் பிறகு பத்தியம் இல்லை, மருந்து இல்லை. வளர்மதியின் வீட்டில் அம்மைக்கு மட்டும் இல்லை, உடம்பில் எது கொப்பளித்தாலும் இதே முறை. மருந்து நடக்கும்போது குளியல் கிடையாது, குளித்துவிட்டால் மருந்து கிடையாது. அதில் டாக்டரே ஐந்தாம் நாள் குளிப்பாட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்தொரு நாள் மாத்திரை என்று சொன்னதும் அவர் காதில் விழுந்தது. ஐந்து நாளில் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்கு நல்ல மருந்து, மிச்சம் தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொண்டார். என் கையெழுத்தே மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. அரைகுறையாகப் போன மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டே வந்தது, நான் அடுத்தடுத்து வீரியமானதை அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஆவூர்க்காரி. எங்கள் வீடு கோயில், ஜெபமாலை என்று வளர்ந்த கத்தோலிக்க வேதக்கார வீடு. அம்மா பள்ளிக்கூட டீச்சர். எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது அதே அம்மாதான் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார், மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றும் வரை ஊரில் நடந்த பாஸ்கா நாடகம் பார்க்கவும் விடவில்லை. அந்தத் தண்ணீர் என்றால் என்ன என்று என் தலைக்கே தெரியும். கல்லூரியில் குளியலும் ஒரு மருந்து என்று படித்தேன், வீட்டில் குளியல் மருந்தின் முடிவு என்று தெரிந்து வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் இத்தனை வருடம் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்திருக்கின்றன. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் சீட்டை நம்பி எத்தனை வீட்டில் ஐந்தாம் நாளோடு மாத்திரை நின்றிருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. வளர்மதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

பாதி எழுதிய சீட்டு பையில் இருந்தது. அதைக் கிழித்தேன். இப்போது உங்கள் பாடப்புத்தகத்தில் தோலின் மேலோடு நிற்கும் தொற்றுக்கு மேல்பூச்சும் குளியலும்தான் முதல் சிகிச்சை என்று இருக்கிறது. நான் படித்தபோது மாத்திரை முதலில், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். தொற்று ஆழமாகப் போகவில்லை, நாய்க்குக் காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறது. மாத்திரைக்கு மசியாத கிருமியும் குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்புக்கு மசியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளியல், வேறு மருந்தே இல்லை என்று முடிவெடுத்தேன். கெடுவுக்கு ஒரு மாதமும் சில நாட்களும்தான் இருந்தன. இது பலிக்காவிட்டால் முத்துக்குமார் சொன்ன அந்தக் கடைசி ஊசியை நான்தான் போட வேண்டும்.

ஆனால் குளியல் என்று சொன்னால் வளர்மதிக்கு அது முடிவு. அங்கேதான் யோசித்தேன். அவர் நம்பிக்கையோடு சண்டை போட்டு ஜெயிக்க எனக்கு நேரமும் இல்லை, யோக்கியதையும் இல்லை. அதனால் இப்படிச் சொன்னேன்:

"இது தண்ணி ஊத்துறது இல்ல வளர்மதி, மருந்து போட்டுக் கழுவுறது. நோய் போனதுக்கு ஊத்துற தண்ணிய நான் நாள் பாத்துச் சொல்றேன். நானே வந்து ஊத்துறேன். அதுவரைக்கும் கழுவிக்கிட்டே இருக்கணும்."

அவர் தலையாட்டினார். நுரை உடம்பில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும், உடனே அலசினால் பயனில்லை என்றேன். கடிகாரம் பார்த்து நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, மூன்று முழம் பூக்கட்டி முடிக்கிற நேரம் நிறுத்தி வைக்கவா என்று கேட்டார். கட்டிக் காட்டச் சொன்னேன், என் கைக்கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆனது. அதைவிட நல்ல அளவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. சாக்கை வெயிலில் காயவைத்துத் தனியே அடுக்குவது, நாய்க்குப் பழைய கட்டிலைப் போட்டுக் கொடுப்பது, கையுறை மாட்டிக் கழுவுவது, பிள்ளையை எட்ட வைப்பது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, முதன்முறையாக, நான் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இரண்டு வாரம் போனது. நாற்றம் குறைந்தது, கழுத்து காய்ந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் வளர்மதி நாயோடு வந்தார், கையில் ஒரு மருந்துக்கடைப் பை. தினாரின் வயிற்றில் புதிதாக ஐந்தாறு கொப்புளம். பைக்குள் ஊசிமருந்துக் குப்பிகள். நான் கிழித்துப் போட்ட சீட்டில் இருந்த அதே மருந்து. ஆய்வக முடிவைப் படமெடுத்து வளர்மதி குவைத்துக்கு அனுப்பியிருக்கிறார், முத்துக்குமார் அங்கே தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார், எது கேட்கும் என்று எழுதியிருக்கிறதோ அதை வாங்கிவிடு என்று அந்த ஆள் சொல்ல, முத்துக்குமார் ஒரு நண்பர் மூலமாக வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பியிருக்கிறார். போன் மறுபடி என் முன்னால் நீண்டது.

"மருந்து இருக்கு டாக்டர், நானே வாங்கிட்டேன். இதப் போட்டு விடுங்க. வெறும் சோப்புப் போட்டுக் கழுவுறதுக்கு டாக்டர் எதுக்கு?"

வெளியே ஆடு மாடுகளோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. குப்பி என் கையில் இருந்தது. போட்டுவிட்டால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். எனக்குமே நிம்மதியாக இருக்கும். அப்படி நம் நிம்மதிக்காக நாம் போடுகிற ஊசிகள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். நான் குப்பியை மேசையில் வைத்துவிட்டு, புதிய கொப்புளம் ஒன்றைத் தொட்டு ஒற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முன்பு வெந்தயம் கொட்டியது போலக் கிடந்த கிருமிகள் இப்போது தேடித்தான் கிடைத்தன. கழுவுவது வேலை செய்கிறது. பிறகு வளர்மதியிடம் கேட்டேன். கழுவினீர்களா என்று கேட்கவில்லை. கடைசியாக என்றைக்குக் கழுவினீர்கள் என்று கேட்டேன். முந்தின வாரம் முகூர்த்த நாட்கள், பூவுக்கு ஓய்வே இல்லை, இரண்டு முறை விட்டுப்போயிற்று என்றார். அந்த ஒரு கேள்வியை மூன்று மாதம் முன்பே கேட்டிருக்கலாம்.

முத்துக்குமாரிடம் சொன்னேன்: "நீங்க வாரதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரியாகலன்னா நான் தப்புன்னு இதே எடத்துல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன். இந்த மருந்த மட்டும் என்னால போட முடியாது. கிருமி இதுக்கும் பழகிரக் கூடாது. நாளைக்கு ஒங்க மகளுக்கே இது தேவைப்பட்டா, அப்ப இது வேலை செய்யணும்."

அவர் போனை வைத்துவிட்டார். குப்பிகளை வளர்மதியிடம் திருப்பிக் கொடுத்தேன், எடுத்த இடத்திலேயே கொடுத்துவிடச் சொன்னேன். அதற்கடுத்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் சரியில்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன். கழுவும் நாட்களில் காரணம் சொல்லிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தினார் நுரையோடு வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், எதிரே வளர்மதி சரம் கட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது முழம் முடிந்து அவர் நாரை அறுத்ததும், யாரும் சொல்லாமலே அது குடத்தின் பக்கம் நடக்கும். அதற்கும் அளவு புரிந்துவிட்டது.

முத்துக்குமார் வந்து இறங்கிய மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்க, தினார் அவர் காலடியில் மல்லாந்து கிடந்தது. வயிற்றில் பூனைமயிர் போலப் புது முடி. அவர் அதன் வயிற்றை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, விடிகாலையில் தானும் தோட்டத்துக்குள் போனதாகச் சொன்னார். எட்டு வருடமாக மனைவி இருட்டில் பூப்பறிப்பது தெரியுமாம். எப்படி என்று அன்றுதான் பார்த்திருக்கிறார். "நாய் நின்னுச்சு, இவளும் நின்னா, பாம்பு இருக்குறது எனக்கு மட்டும் தெரியல, இவதான் எங்கையப் புடிச்சு இழுத்தா" என்றார். ஊசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. புது வீடு குடிபோன அன்று தினார் வாசலில் படுத்துக் கிடந்ததை நானே பார்த்தேன்.

தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னேன் அல்லவா. குடிபோன அன்றே வளர்மதி வேப்பிலையும் மஞ்சளும் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார், இன்னைக்கு ஊத்தலாமா என்று. ஈரமும் பூச்சியும் உள்ள இடத்தில் வாழ்கிற நாய், தோலும் பலவீனமான தோல். வாரம் ஒரு முறையாவது கழுவினால்தான் திரும்ப வராது. நான் அந்தத் தண்ணீரை ஊற்றினால் மறுநாளே ஷாம்பு பாட்டில் தூக்குவாளிக்குள் போய்விடும். இன்னும் நாள் இருக்கிறது, சனிக்கிழமை தோறும் கழுவுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் போனில் கேட்டார், அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும் அதேதான். நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் தவறாமல் போன் வருகிறது. ஒவ்வொரு முறையும் "இன்னும் இல்ல வளர்மதி" என்று சொல்லும்போது உள்ளுக்குள் உறுத்தும். நம்பிக் கேட்கிறவரை வருடக்கணக்கில் ஏமாற்றுகிறேனே என்று இருக்கும்.

படம் போட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். ஊசியின் பெயரை நாளைக்குக்கூடப் பேசலாம். இன்று அந்த நாய் படுக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள். கடைசி மாத்திரையை என்றைக்குக் கொடுத்தார்கள், கடைசியாக என்றைக்குக் குளிப்பாட்டினார்கள், ஏன் அன்றைக்கு என்று கேளுங்கள். ஆம் என்று தலையாட்டிவிட்டுப் போகிற மாதிரி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்.

போன வாரம் வளர்மதி பேசினார். வழக்கம்போல, தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். எனக்கு வயதாகிவிட்டது, தினாருக்கும் வயதாகிவிட்டது, மேலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் ஒருபோதும் ஊற்றச் சொல்லப் போவதில்லை, சொன்னால் கழுவுவதை நிறுத்திவிடுவீர்கள் என்ற பயம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"அது எனக்குப் புதுவீடு குடிபோன அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா. நீங்க சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன். மூணு முழம் கட்டுற வரைக்கும் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிது அது, எப்புடி நிறுத்துவேன்?"

அப்புறம் எதற்கு மாதாமாதம் கேட்கிறீர்கள் என்றேன்.

"நான் கேட்டாத்தான நீங்க தினாரு எப்புடி இருக்குன்னு கேப்பீங்க. அதப்பத்தி வேற யாருங்க எங்கிட்ட கேக்குறா" என்றார்.

தினார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்.